பஸ்ஸைப் பிடித்த நிருபர்

டிவி சீரியலில் ஒரு நிருபன் வருகிறான். சட்டை கசங்குவதே இல்லை. வில்லன் வீட்டுக்குள் நேரே நுழைந்து விரலை நீட்டிக் கேள்வி கேட்கிறான். வில்லனும் மடமடவென்று எல்லாவற்றையும் கக்கிவிடுகிறான். வெளியே வந்து போனில் நாலு வார்த்தை சொன்னால் மறுநாள் ஊரே கொந்தளிக்கிறது. அட கஷ்டகாலமே! செய்தி ஆபீசுக்குப் போய்ச் சேர என்ன பாடு என்று இதை எழுதுகிறவர்களுக்கு யாராவது சொல்லக்கூடாதா?

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யமாக இருந்த காலத்தில் நான் பூதப்பாண்டி நிருபர். செய்தியை எழுதிக் கவரில் போட்டு, சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுக்கவேண்டும். அவர் நாகர்கோவிலில் பத்திரிகை ஏஜண்டிடம் சேர்ப்பார். அந்த பஸ்ஸை விட்டால் செய்தி ஊசிப்போன சோறுதான்.

நான் பெண் பார்க்கப் போன அன்றைக்குத்தானா குளத்துக்கரை உடையவேண்டும்! பால்பிடித்த கதிரெல்லாம் தண்ணீருக்குள். போய்ப் பார்த்து எழுதிய கவர் சட்டைப்பையில், சேறு வேட்டியில். அப்படியே அக்காவுடன் பெண் வீட்டில் போய் உட்கார்ந்தேன். நல்லவேளை, வீடு பஸ் போகும் ரோட்டிலேயே இருந்தது. பெண்ணின் அப்பா கோயில் திருவிழா நாடகத்தில் நிருபரைப் பார்த்தவர். அந்த நிருபர் கோட்டும் தொப்பியும் போட்டு ஜமீன்தாரையே அதட்டினாராம். என் வேட்டியைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். அப்போது கேசரித் தட்டோடு அவள் வந்தாள். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

தட்டை வாங்குகிறேன், தெருமுனையில் ஹாரன். பஸ் அன்றைக்கென்று முன்னாலேயே வந்து தொலைத்தது. ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. தட்டை அக்கா மடியில் வைத்துவிட்டு ஓடினேன்.

மூச்சிரைக்கத் திரும்பினால், அக்கா அழாத குறையாக நிற்கிறாள். பெண்ணைப் பிடிக்காமல் ஓடிவிட்டேன் என்று வீடே முடிவுகட்டியிருந்தது. கவர் விஷயத்தைச் சொன்னேன். பெண்ணின் அப்பா மசியவில்லை. நாடகத்து நிருபர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடவில்லையே என்றார். இது சரிப்படாது, புறப்படுங்கள் என்றார். செருப்பைத் தேடினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "பஸ்ஸப் பிடிச்சாரான்னு கேளுங்கப்பா."

அவர் கேட்பதற்குள் நானே, பிடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பவள் அவள்தான். நிருபன் போனை வைத்ததும் கொட்டாவி விட்டபடி எழுந்தாள்.

"இவன் ஓடவே மாட்டேங்கானே. இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"