பச்சரிசியில் நின்ற பித்தளை

எண்பதுகளின் நடுவில் மஸ்கட்டில், ரூவியில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்குப் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை லீவில் எங்கள் வெள்ளைக்கார சர்வேயரை மலைப்பக்கம் கூட்டிப்போவேன். முன்னொரு காலத்தில் அங்கே சண்டை நடந்திருக்கிறது. அதன் மிச்சம் மீதியை மண்ணுக்குள்ளிருந்து எடுப்பது அவருக்குப் பைத்தியம். அதற்கென்றே ஊரிலிருந்து ஒரு மெஷின் கொண்டுவந்திருந்தார். நீளக் கம்பி, நுனியில் ஒரு தட்டு, காதில் மாட்ட ஹெட்போன். கீழே உலோகம் இருந்தால் கொசு மாதிரி ரீங்காரம் போடும். "ஒங்க சாரு மண்ணுக்கு ஸ்டெதஸ்கோப்பு வைக்கக் கெளம்பிட்டாரா?" என்று கேட்பார் என் ரூம் கொத்தனார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், வாயைத் திறந்தால் இப்படித்தான் ஏதாவது வரும். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரும்பாலும் கிடைத்தது தோட்டாவின் காலிக் கூடுதான். கவிழ்த்து எச்சில் தொட்டுத் துடைத்தால் அடியில் எழுத்தும் எண்ணும் வட்டமாகத் தெரியும். எந்த வருடம், எந்தத் தொழிற்சாலை என்று சார் அதை வைத்தே சொல்லிவிடுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, அந்தச் சின்ன எழுத்துகளைப் படிப்பதில் ஒரு ருசி வந்துவிட்டது. அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. உடையாமல் முழுசாகக் கிடக்கிற எதையும் தொடாதே, என்னைக் கூப்பிடு.

நான் கூப்பிடவில்லை. மழை அறுத்த ஓடைக்கரையில் அது பாதி வெளியே தெரிந்தது. கைப்பிடி அளவு, பம்பரம் மாதிரி, நல்ல கனமான பித்தளை. சுற்றிவர எண்கள். ஏதோ மீட்டரின் மூடி என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். எங்கள் ரூமில் சூடம் ஏற்றப் பித்தளையில் ஒன்றும் கிடையாது. கொத்தனார் பால்மாவு டின் மூடியில்தான் ஏற்றுவார். "முருகனுக்கே பவுடர் பால் வாடதான்டா அடிக்கும்" என்று வாராவாரம் புலம்புவார். சார் திரும்புவதற்குள் அதை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அன்று சாயங்காலம் கொத்தனார் புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரில் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலவே புளியும் மணலும் போட்டுத் தேய்த்தார். அடிப்பக்கக் குழிக்குள் அடைத்திருந்த மண் போகவில்லை என்று வாசல்படியில் கவிழ்த்துத் தட்டினார். தங்கமாக மின்னியது. கூர்முனை கீழே இருந்தால் நிற்காதே? எவர்சில்வர் டம்ளரில் பச்சரிசி நிரப்பி அதில் தலைகீழாகச் செருகினார். மேலே வந்த குழியில் கட்டிச் சூடம் கச்சிதமாக உட்கார்ந்தது. "அடுத்த வெள்ளிக்கெழமைதான் மொதச் சூடம். புதுசு பாரு, நாள் பாத்து ஏத்தணும்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மலையடிவாரத்தில் டீ குடிக்கும்போது, சார் புதிதாக வந்த ஒரு புத்தகத்தைக் காட்டினார். கிடைப்பது எது என்று அடையாளம் பார்க்கிற படப்புத்தகம். நாலைந்து பக்கம் தள்ளியதும் எங்கள் சூடத்தட்டு அதில் இருந்தது.

"இது என்ன சார்?"

பீரங்கிக் குண்டின் தலை என்றார். குண்டு விழுந்ததும் முதலில் வெடிப்பது இதுதானாம், இது வெடித்துத்தான் குண்டை வெடிக்க வைக்குமாம்.

"முழுசாக் கெடந்தா?"

"அப்படியென்றால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது."

"சூடு பட்டா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "எங்கே அது?" என்று மட்டும் கேட்டார்.

மணி பத்தரை. கொத்தனார் சூடம் ஏற்றுவது பன்னிரண்டரைக்கு. ரூவிக்கு இரண்டு மணி நேர ஓட்டம். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கேம்ப் ஆபீசுக்கு போன் போட்டோம். லீவு நாளில் யார் எடுப்பார்கள்? மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கில் என் கை வழுக்கியது. அவ்வளவு வேர்வை. படியில் கொத்தனார் தட்டிய சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தது. சூடம் ஏற்றுகிற குழிப் பக்கம்தான் வெடிமருந்து இருக்கிற மோசமான பக்கம் என்று சார் சொன்னபோது வண்டியை ஓரங்கட்டி வாந்தி எடுத்தேன். அதில் மூன்று நிமிடம் போயிற்று. அந்த மூன்று நிமிடத்துக்காக வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

கேம்ப் வாசலில் எங்கள் ரூமின் மூன்றாவது ஆள், யாழ்ப்பாணத்துக் கிளார்க், பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐசே, பேயைக் கண்ட மாதிரி வாறீர்? பூசை துவங்கிட்டுது, ஓடும்!"

உள்ளே மணிச் சத்தம். நான் பாய்ந்தேன். சார் சட்டையைப் பிடித்து இழுத்தார். கத்தாதே, ஓடாதே, அந்த ஆள் திடுக்கிட்டுக் கீழே போட்டால் முடிந்தது என்று காதில் சொன்னார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கொத்தனார் இடது கையில் மணி, வலது கையில் டம்ளரோடு முருகன் படத்துக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். குழியில் சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்று முடிந்து திரும்பினார், முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியா? ஒத்திக்க" என்று டம்ளரை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

இரண்டு கையையும் நெருப்புக்கு மேலே காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு, "குடுங்கண்ணே, நான் வெளிய காட்டிட்டு வர்றேன்" என்றேன். கொடுத்துவிட்டார்.

டம்ளர் சுட்டது. ரூமிலிருந்து முற்றத்து மணல் குவியலுக்கு இருபது அடி இருக்கும். மூச்சுவிட்டால்கூட வெடிக்கும் என்று நம்பி நடந்தேன். பின்னால் கொத்தனார் கத்தினார்: "எங்கடா கொண்டு போற? இன்னும் மலையேறலடா!" மணலில் டம்ளரை அழுத்தி வைத்துவிட்டு, அதன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்னோக்கியே நடந்து வந்தேன். சார் எல்லாரையும் ஹாலோபிளாக் அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். சூடம் தானாக மலையேறியது. ஒன்றும் நடக்கவில்லை.

போலீஸ் வந்தது, பிறகு பட்டாளத்து ஆட்கள் வந்து மணல் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். மூன்று மணி வாக்கில் மலை இடுக்குப் பக்கமிருந்து டம் என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கொத்தனாரே, முருகனுக்கே வெடி வைக்கப் பாத்தீரோ?" என்றார் யாழ்ப்பாணத்தார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

கொத்தனார் படியிலேயே உட்கார்ந்திருந்தார். "இந்தப் படியிலதான்டா தட்டுனேன். நாலு தட்டு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சுதான வந்த, ஏன்டா கத்தல?"

"கத்துனா கீழ போட்டுருப்பீங்கண்ணே."

"அது சரி. கண்ணுல ஒத்திக்கிட்டியே, அது எனக்காக நடிச்சதா?"

இல்லை என்று தலையாட்டினேன். முருகனை நான் பார்க்கவே இல்லை. அந்தப் பித்தளையைப் பார்த்து, இவரை விட்டுரு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் எழுந்து போய் பால்மாவு டின் மூடியைக் கழுவி, துடைத்து, படத்துக்கு முன்னால் பழைய இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு வாடை பற்றி அவர் புலம்பியதே இல்லை.