அம்மா தொட்ட கடல்பசு

என் மனைவி ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். வேங்கிக்காலில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். நாங்களாகவே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போட்டு, மாடு வளர்த்துப் பழகிய என் அம்மா அதைத் தடுக்கவில்லை. மருமகளிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் “சாப்ட்டியாம்மா?”, “கரண்ட் வந்துச்சா?” என்பதைத் தாண்டி இருவருக்குள்ளும் பேச்சு வளரவில்லை. ஒரே வீட்டில் தங்கிய இரண்டு விருந்தாளிகள் போல இருந்தார்கள்.

போன மாசியில் மனைவியின் ஊருக்கு அம்மாவையும் கூட்டிப்போனோம். மாட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அரை மனதோடுதான் பஸ் ஏறினார். கடலை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை.

அன்று சாயங்காலம் கரையில் நின்றோம். தூரத்தில் பச்சைக் கோடாகத் தெரிந்த தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே யாரையும் இறங்க விடுவதில்லை. மனைவி கையை நீட்டிக் காட்டினாள்.

“அந்தத் தீவைச் சுத்தித் தண்ணிக்கு அடியில புல்லு கெடக்கும் அத்தை. அதை மேய ஆவுளியா வரும். கடல்பசுன்னும் சொல்லுவாங்க.”

“பசுவா? கண்ணு போடுமா?”

“போடும். பாலும் குடுக்கும்.”

“மடி எங்க இருக்கும்?”

அவள் கையைத் தூக்கி அக்குளுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் முன்னால் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை என் மாமனாரும் அவருடைய ஆட்களும் கரைவலை இழுத்தார்கள். கரையில் நின்றே இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுக்கும் பெரிய வலை. நானும் ஒரு கை கொடுத்தேன். வலை கரையை நெருங்கும்போது திடீரென்று கனத்தது. வலைக்குள்ளிருந்து பழுப்பாக ஒரு முதுகு எழுந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது.

“ஆவுளியாடா! கயித்த விடுங்க, இழுக்காதீங்க!” என்று மாமனார் கத்தினார்.

ஆட்கள் தண்ணீருக்குள் ஓடினார்கள். என் மனைவியும் ஓடினாள். அவளுக்குப் பின்னால் அம்மா! நீச்சல் தெரியாதவர், புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

“ம்மா, வேணாம்மா!” என்றேன். காதில் வாங்கவில்லை. மனைவிதான் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வலை அதன் துடுப்பில் சுற்றியிருந்தது. அது மூச்சு விடுவதற்காக நாலு பேர் தலையைத் தாங்கிப் பிடிக்க, மாமனார் கத்தியால் வலையை அறுத்தார். அம்மா அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். “இருடி, இருடி. தோ ஆயிடுச்சு. ஒண்ணும் இல்ல.” பிரசவ வலியில் நிற்கும் பசுவிடம் பேசும் அதே குரல்.

கடைசிக் கண்ணியும் அறுந்ததும் அது ஒருமுறை புரண்டது. பிளவுபட்ட வாலை அடித்து எங்கள் எல்லோரையும் நனைத்துவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

“முதுவுல முடி கூட கீதும்மா, அங்கொண்ணு இங்கொண்ணா” என்றார் அம்மா. “அதுக்கு வலிச்சிருக்குமா?”

“ரொம்ப பயந்திருக்கும் அத்தை. இனி பயமில்ல.”

கரைக்கு வந்த பிறகும் இருவரும் கையை விடவில்லை. என் மாமியார் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, அம்மா அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மத்தியானம் வரை பேசினார்.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில் பையை எடுத்தேன். “உனுக்கு லீவு இல்லன்னா நீ போ. நாங்க வெள்ளிக்கெழம வர்றோம்” என்றார் அம்மா. மனைவி என்னைப் பார்க்காமல் சிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் வந்தார்கள். பஸ் புறப்படும்வரை நிற்பார்கள் என்று நினைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிரைவர் ஏறுவதற்குள் ஏதோ பேசியபடி மார்க்கெட் பக்கம் திரும்பி நடந்துவிட்டார்கள்.