துவரம்பருப்புத் துப்பாக்கி

அப்பா மான் வேட்டைக்குப் போகப்போவதாகச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. ஒன்பது வயதில் அப்பாவால் முடியாதது ஒன்றுமில்லை என்றுதான் நம்பியிருந்தேன். இப்போது நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. கறிக்கடையில் கோழியை வெட்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர்.

அப்போது அமெரிக்காவில், சன்னிவேலில் ஒரு அபார்ட்மெண்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அம்மாவுக்கு நியூஜெர்சியில் ப்ராஜெக்ட். மாதத்துக்கு ஒருமுறை வருவாள், வந்த வேகத்தில் கிளம்பிவிடுவாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு ஆபீஸில் ஒரே ஒரு சிநேகிதர், சிவப்பு டிரக் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர். அந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில், வேலை நேரம் போக 'நீயும் வாயேன்' என்று அப்பாவைக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். கூடாரம், சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு சியரா மலையில் நாலு நாள் அலைய வேண்டுமாம். எவ்வளவு எடையுள்ள துப்பாக்கி ஒத்துவரும் என்று முதலில் முடிவு செய், பிறகு வாங்கு என்று சொல்லியிருந்தார்.

அப்பா அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் எடுத்துக்கொண்டார். லேசான துப்பாக்கி என்றால் சுமக்க சுகம். ஆனால் மூச்சு வாங்க மலையேறி நின்று குறி பார்க்கும்போது குழல் ஆடும், சுட்டால் தோளில் உதைக்கும். கனமானது ஆடாது, ஆனால் மான் வருவதற்குள் ஆளே விழுந்துவிடுவார். கடையில் சும்மா தூக்கிப் பார்த்தால் போதாது என்று, மாப் குச்சியில் துவரம்பருப்புப் பாக்கெட்டுகளை டேப் போட்டுச் சுற்றினார். இந்தியா போகும்போது சூட்கேஸ் நிறுக்கிற பாத்ரூம் தராசில் அதைக் கட்டிப்பிடித்தபடி ஏறி நிற்பார்.

"எவ்வளவு காட்டுது, குனிஞ்சு பாரு கண்ணு" என்பார். தொப்பை மறைப்பதால் முள் அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமைதோறும் ஊருக்கு வெளியே ஒரு குன்றில் ஏறினோம். அப்பாவின் முதுகில் அரிசி மூட்டை, தோளில் பருப்புத் துப்பாக்கி. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். விடாமல் என்ன செய்வார்கள்! உச்சியில் நான்தான் மான். ஓக் மரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவேன். அப்பா குறி வைத்து, "சே, ஆடுது" என்பார். அடுத்த வாரம் ஒரு பாக்கெட்டைக் கூட்டுவார், அல்லது குறைப்பார். அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும்தான் எனக்குத் தனியாக இருப்பது மறந்துபோகும். அதனால் அவர் முடிவெடுக்கவே கூடாது என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தேன். முடிவெடுத்தால் போய்விடுவார், என்னைக் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிடுவார். அம்மாவும் இல்லாமல் அப்பாவும் இல்லாமல் நாலு நாள்!

வேட்டை சீசன் நெருங்கிய ஒரு சனிக்கிழமை, ஏழரை பவுண்டில் குச்சி அசையாமல் நின்றது.

"இதான் கண்ணு! இதேதான்!" என்று துள்ளினார் அப்பா. எனக்கு அழுகை முட்டியது. கை தட்டினேன்.

மறுநாள் சிவப்பு டிரக் வந்தது. பார்க்கிங்கில் அவர்கள் பேசியது ஜன்னல் வழியே கேட்டது. சிநேகிதரின் மச்சான் வருகிறானாம், அதனால் டிரக்கில் இடமில்லையாம், அடுத்த வருஷம் கட்டாயம் போகலாமாம். "ஓ, நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று அப்பா சிரித்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

மேலே வந்த அப்பா டேப்பை அறுத்தார். ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் குக்கரில் பருப்பைப் போட்டார். சாயங்காலம் அம்மா போன் செய்தாள். துப்பாக்கி வாங்கியாச்சா என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது.

"இல்ல, நான் போகல. எடை ஒண்ணும் சரியா வரல. நானே வேண்டாம்னுட்டேன்" என்றார் அப்பா.

பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அத்தனை வாரம் மானாக நின்றவள் நான், சும்மா இருக்க முடியுமா? அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஓடிப்போய்க் கத்தினேன்.

"நோ அப்பா, இட் வாஸ் பெர்ஃபெக்ட்! செவன் அண்ட் எ ஹாஃப்! யூ செட் சோ!"

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். சரியாகத்தானே சொன்னேன், ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.