ரத்தக்கட்டு

தொண்ணூறுகளில் வேங்கிக்காலில் ஒரு புது வீட்டின் பின்பக்கத்தில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். கலெக்டர் ஆபீஸில் எனக்கு வேலை. ஓர் ஆடி மாதத்தில் அவள் தொடையிலும் முதுகிலும் ரத்தக்கட்டுகள் தோன்றின. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. கால்களில் ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள் வேறு. தெருமுனை டாக்டர் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார்.

அடி அண்ணாமலையிலிருந்து வந்த மாமியார், அவளுக்கு எண்ணெய் தேய்க்கும்போது முதுகைப் பார்த்துவிட்டார். அப்போதே ஊருக்குக் கிளம்பிப் போனார். மறுநாள் காலையில் அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

"பொண்ணு குடுத்தா அடிச்சே கொன்னுடுவியாடா?" என்றபடியே பெரியவர் என் வாயில் குத்தினார். முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. சின்னவன் என்னைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தான்.

"நான் அடிக்கல மச்சான்."

அதற்கும் ஒரு மிதி. வாசலில் கூடிய அக்கம்பக்கத்தாரில் ஒரு பெண், "இன்னும் ரெண்டு போடுங்க" என்றாள்.

என் மனைவி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். "அவரு அடிக்கவே இல்லண்ணா! தானா வருது!"

"தானா வருமாடி? அவனுக்குப் பரிஞ்சு பேசறியா?" பெரியவர் அவள் கையைப் பிடித்து இழுத்து ஓரமாகத் தள்ளினார். அவள் மறுக்க மறுக்க அவர்களுக்கு வெறி ஏறியது. சின்னவன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கி என் தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவள் கையை நீட்டினாள். "இது யாரு அடிச்சது? சொல்லுண்ணா."

பெரியவர் பிடித்த இடத்தில் அவருடைய விரல்கள் கருநீலமாகப் பதிந்திருந்தன. அவள் பேசும்போதே ஈறிலிருந்து ரத்தம் வழிந்து தாடையில் இறங்கியது. சின்னவன் ஆட்டோ பிடிக்க ஓடினான்.

உள்ளூரில் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். ரத்தப் புற்றுநோய். "ரத்தத்த உறைய வெக்கிற அணுக்கள் ரொம்பக் கம்மி. அதான் லேசா அழுத்தினாலும் கன்னிப்போகுது" என்றார் அங்கிருந்த டாக்டர்.

வார்டில் பெரியவர் அவள் கட்டிலை நெருங்கவே பயந்தார். "தூக்கி உக்கார வைண்ணா" என்று அவள் கேட்டபோது வெளியே போய்விட்டார். மாவுக்கட்டு போட்ட தோளோடு நான்தான் தூக்கினேன்.

கார்த்திகை தீபத்துக்கு முன்பே அவள் போய்விட்டாள். காரியத்தன்று பெரியவர் என் காலில் விழுந்தார். நான் அவரைத் தூக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

நான் அடித்துத்தான் அவள் செத்தாள் என்று தெருவில் சிலர் பேசிக்கொண்டே இருந்தார்கள். தை மாதம் வீட்டைக் காலி செய்தேன். சாமான் ஏற்ற வண்டியோடு வந்தவர் பெரியவர். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பீரோவைத் தூக்கினோம்.