என் கதாநாயகனை சயாம் லாரியில் ஏற்றியபோது

டொக், டொக், டொக். இரும்புக் கிராதியில் மோதிரத்தால் தட்டுகிற சத்தம். கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிடும், வாசகர் வந்திருக்கிறார். ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவன் தொடர்கதை எழுதக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழுதுவதையே யாரும் சொல்லித்தரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங் பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. காலையில் வந்து ஒரு காதல் கதையை அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, போட்டோஸ்டாட் எடுத்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவந்தேன். கதாநாயகி மாலா இந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பெண். கதாநாயகன் முருகையா ஜப்பான்காரன் காலத்து ரப்பர்த் தோட்டத்து ஆள். நடுவில் கொஞ்சம் மாயம். மனசை எப்போதும் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டிருக்கும் எனக்கு. எழுதின மாதங்களில் மட்டும் அது அடங்கிக் கிடந்தது. வாசகரிடம் அகப்பட்டு முழித்த சக எழுத்தாளர்களே, உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

மங்கில் தெரிந்த முகம்

அந்தக் காலத்தில் முருகையா ரப்பர் மரத்தில் பால்வெட்டி, பால் சேர்கிற கிண்ணமான மங்கை நிரப்பினால், இந்தக் காலத்தில் மாலா கையிலிருக்கும் பழைய மங்கில் அவன் முகம் தெரியும். மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கண்டுபிடித்த மாயம் அது.

தட்டியவர் பின்வரிசை வீட்டு லெட்சுமி அக்கா. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல், ஐம்பது தாண்டியவர். முதல் அத்தியாயம் நன்றாக இருக்கிறது என்றார். நான் குளிர்ந்துபோன நேரம் பார்த்துச் சொன்னார்: "ஜப்பான்காரன் காலத்துல பால யாரு தம்பி வாங்குனா? மரத்த வெட்டிப்புட்டு மரவள்ளி நட்டாங்க. அந்த மங்குல எங்கம்மா கஞ்சி குடிச்சிச்சு லா."

மூன்று நாள் லீவு

மங்கு போய்த் தாயத்து வந்தது. மாலா அதைக் கையில் கட்டினால் அந்தக் காலத்துக்குப் போவாள், அவிழ்த்தால் திரும்புவாள். தஞ்சோங் டாவாயில் ஆறு கடலைச் சேருமிடத்தில் இருவரும் ஒரு கருவாட்டைப் பங்குபோட்டுத் தின்கிற கட்டத்தை எழுதிவிட்டு எனக்கே வாய்விட்டுப் படித்துக் காட்டிக்கொண்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் கோபால் அண்ணன் தேநீர் நேரத்தில் அதைப் படித்தார். படித்து முடித்தும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். உருகிவிட்டார் என்று நினைத்து, எப்படிண்ணே என்று கேட்டேன். "மூணு நாள் அங்க இருந்துட்டு வந்திருக்கா. டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கிக் குடுத்தாளா இல்லையா, அத எழுதவே இல்லையே நீ."

வீட்டில் ஒருத்தி

ஒன்பதாம் அத்தியாயத்தில் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிற லாரி தோட்டத்துக்குள் வந்தது. லெட்சுமி அக்கா இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். செர்டாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவருடைய அப்பாவை அப்படித்தான் ஏற்றிப் போனார்களாம். அக்கா அப்போது வயிற்றில். அப்பா திரும்பவில்லை, படம் ஒன்றும் இல்லை. முருகையா சீட்டியடித்துக்கொண்டே நடப்பான் என்று நான் எழுதியிருந்தேன். அவருடைய அப்பாவும் அப்படித்தான் நடப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அக்கா முடிவுகட்டிவிட்டார், முருகையாதான் அப்பா.

எல்லாம் கற்பனைதான் அக்கா என்று எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அவர் திரும்பி வருவாரா என்றார். கட்டாயம் வருவான், தாயத்தைக் கட்டிவிட்டு மாலா அவனை இந்தக் காலத்துக்கே கூட்டிவந்து கல்யாணம் பண்ணிக்கொள்வாள் என்றேன். அக்காவின் முகம் மாறிப்போயிற்று. "அவருக்கு வீட்டுல ஏழு மாச வயித்தோட ஒருத்தி இருக்கா தம்பி. ஒங்க மாலாவ வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க."

ஒரு தாயத்து, ஒரு ஆள்

ஐந்து நாள் பேனாவைத் தொடவில்லை. முருகையாவுக்குப் பெண்டாட்டி இருந்தால் காதல் கதை இல்லை. இல்லாவிட்டால் அக்காவுக்கு அப்பா இல்லை. கடைசியில் அக்காவிடம் போய் அவருடைய அப்பா பெயரைக் கேட்டேன். பெரியசாமி. அந்தப் பெயரில் ஓர் ஆளை லாரியில் முருகையாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். மாலா அவிழ்த்து முருகையா கையில் கட்டிவிட்டுப் போன தாயத்து ஒருத்தரைத்தான் தப்பவைக்கும். முருகையா தன் கையிலிருந்து அவிழ்த்து, பெரியசாமி கையில் கட்டினான். அடுத்த கணம் பெரியசாமி ரோட்டோரப் புல்லில் கிடந்தார். முருகையாவோடு லாரி போய்விட்டது.

போட்டோஸ்டாட் கடை கனி அண்ணன் மிஷினிலிருந்து வரவரத் தாளைப் படிக்கிறவர். அந்தப் பக்கம் வந்ததும் மிஷினை நிறுத்திவிட்டார். "காலம் விட்டுக் காலம் தாண்ட வழி வச்சிருக்க. இன்னொரு தாயத்து செய்ய ஒனக்குக் கை வரலியாப்பா?"

வாசலில் நின்றவர்

கடைசி அத்தியாயத்தில் பெரியசாமி இரண்டு நாள் காட்டுவழியாக நடந்து தோட்டத்து லயத்தில் இருக்கிற தன் வீட்டு வாசலுக்கு வருகிறார். உள்ளேயிருந்து பெண்டாட்டி எட்டிப் பார்க்கிறாள். முற்றும்.

அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரக் கையைத் துடைத்து வாங்கி, கொடியடியில் நின்றே இரண்டு தடவை படித்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "வந்துட்டாரு, சரி. அம்புட்டுத் தூரம் நடந்து வந்த மனுசன வாசல்லயே நிக்க வச்சிருக்கீங்களே. சோறு போடுங்க தம்பி."

அங்கேயே படியில் உட்கார்ந்து தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பெண்டாட்டி ஒளித்துவைத்திருந்த ஒரு பிடி அரிசியைப் பொங்குகிறாள். அவர் சாப்பிடுகிறார். நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அவ்வளவுதான். காதலர்களைப் பிரித்துவிட்டு ஒரு புருஷனுக்குச் சோறு போட்டு முடித்த காதல் கதாசிரியன் கெடாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அக்கா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியில் மிச்சமிருந்த துணியை எடுத்து உதறிக் கொடியில் போட ஆரம்பித்தார்.