கும்மிடிப்பூண்டியின் பச்சை பேஸ் கிட்டார்: அசலா, போலியா?

2008 ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நானும் அக்காவும் கடம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பழைய பேஸ் கிட்டாரைப் பார்க்கப் போனோம். இதே மாதிரி பழைய வாத்தியம் தேடிப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். (பேஸ் கிட்டார் தெரியாதவர்களுக்கு: நான்கே கம்பிகள், எல்லாம் தடிமன். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடுவது அதுதான்.)

அக்கா கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் ஆறு மாதமாக இரவல் பேஸ் கிட்டாரை வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் சொந்தக் கிட்டாரோடு வந்தால் நிரந்தர இடம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். அவளிடம் இருந்தது துணிக்கடைச் சம்பளத்தில் இரண்டு வருடம் சேர்த்த பதினெட்டாயிரம். ஒரு இசைக்கருவிக் கடையின் பலகையில் '1972 அமெரிக்க பேஸ், ரூ.20,000' என்று யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள். அசல் என்றால் அது கொள்ளை மலிவு. போலி என்றால் ஐந்தாயிரம்கூடப் பெறாது, இரண்டு வருடமும் போச்சு.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. எனக்கு வாசிக்கத் தெரியாது, படிக்கத் தெரியும். திருவள்ளூர் பிரவுசிங் சென்டரில் மூன்று நாள் உட்கார்ந்து பதினான்கு பக்கம் பிரிண்ட் எடுத்து, அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

காலை 6.20க்குக் கடம்பத்தூரில் மின்சார ரயில். சென்ட்ரல் வரை போகத் தேவையில்லை. பேசின் பிரிட்ஜில் இறங்கினால் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்துவிடலாம். 7.50க்கு ஏறி 9.05க்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு ஆளுக்கு டிக்கெட் பதினாறு ரூபாய். பொன்னேரிக்குப் பிறகு ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கும்.

ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ, தலைக்கு ஐந்து ரூபாய். அக்காவின் தோளில் இருந்த காலிக் கிட்டார் பையை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாம்மா, கம்பெனில கச்சேரியா?"

"இல்லண்ணா, கிட்டார் வாங்க வந்தோம்."

"இரும்பு வாங்க வருவாங்கோ, ஆசிட் வாங்க வருவாங்கோ. கிட்டார் வாங்க நீங்கதான் மொத போணி."

மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் உருக்காலைகள். கேட்டுகளில் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் இன்னும் வாடிப்போய் நின்றன. அங்கே நிறுத்தியிருந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குக்கூடச் சந்தனப் பொட்டு.

விற்பவர் பெயர் முனிரத்தினம். கம்பி உருட்டும் ஆலையில் ஃபிட்டர். முன்பு ஒரு குழுவில் வாசித்தவர், இப்போது விரல் மரத்துப்போகிறதாம். கிட்டாரைக் கொண்டுவந்து வீட்டு முன்னறை மேசையில் வைத்தார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. லேத் மெஷினுக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. தலை முதல் அடி வரை மொழுமொழுவென்று பெயிண்ட், அதன்மேல் சந்தனம், குங்குமம்.

"யாருண்ணா பெயிண்ட் அடிச்சது?" என்றாள் அக்கா.

"நான்தான். ஆயுத பூஜைன்னா மெஷினுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடிப்போம். இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?"

அவர் மனைவி உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "வருசா வருசம் மீந்த பெயிண்ட கொண்டாந்து பூசிக்கினு இருக்காரு. ஹார்பர்ல ஒரு கப்பல்காரன் இவுரு போனஸ் மொத்தத்தையும் வாங்கிக்கினு இந்தக் கட்டைய குடுத்துட்டுப் போயிட்டான். மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்கோ. பாத்ததுமே டூப்ளிகேட்டுன்னுட்டாங்கோ."



பெயிண்டை நம்பாதே, பெயிண்ட் படாத இடத்தைப் பார் என்று எனக்குத் தோன்றியது. முதலில் கழுத்தின், அதாவது கம்பிகள் ஓடும் நீளக் கட்டையின், பின்பக்கம். அங்கே மட்டும் பெயிண்ட் இல்லை. கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாகியிருந்தது. செயற்கையாகத் தேய்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி தேயும். இதில் கைகள் அதிகம் புழங்கும் முதல் ஐந்து கட்டங்களுக்கு நேரே மட்டும்தான் குழி.

"கழுத்தக் கழட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

ஃபிட்டர் ஆயிற்றே, கம்பிகளைத் தளர்த்திவிட்டு ஐந்து நிமிடத்தில் நான்கு திருகுகளையும் எடுத்துவிட்டார். கழுத்து உட்காரும் குழியின் விளிம்பில் பெயிண்ட் அடுக்கடுக்காகத் தெரிந்தது: பச்சை, சாம்பல், நீலம், ஆரஞ்சு. எல்லாவற்றுக்கும் அடியில் தேன் நிறத்திலிருந்து கருப்புக்கு மாறும் பழைய கம்பெனிப் பூச்சு. கழுத்தின் அடிக்கட்டையில் மங்கிய மையில் ஒரு முத்திரை, அதில் 72. சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் கண்ட்ரோல்களையும் திறக்கச் சொன்னேன். அவற்றின் முதுகில் ஏழு இலக்கங்கள் இருக்கும். முதல் மூன்று தயாரித்தவரின் குறி, அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். 72, 31. ஈயம் வைத்து ஒட்டிய இடத்தை யாரும் தொட்டதில்லை, அதாவது எதையும் மாற்றவில்லை.

அசல் என்றால் அதைச் சொல்லாமல் தண்ணீர் மட்டும் கேட்க வேண்டும் என்று ரயிலிலேயே பேசி வைத்திருந்தோம். விற்பவருக்குத் தெரிந்தால் விலை ஏறிவிடும். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

அதே நேரம் முனிரத்தினம் என்னிடம் கேட்டார். "சொல்லு பாப்பா. அந்தக் கப்பல்காரன் என்னிய ஏமாத்திட்டானா?"

விலைக்காக அவர் கேட்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணா," என்றாள் அக்கா. "இது அசல். நீங்க கேக்கறதவிட நெறைய பெறும். பெயிண்ட் அடிச்சதால சேகரிக்கிறவங்க கொறைச்சுதான் கேப்பாங்க, அப்பவும் இருவதுக்கு மேல போவும். என்கிட்ட பதினெட்டுதான் இருக்கு."

அவர் கழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னொரு தபா சத்தமா சொல்லும்மா. உள்ள இருக்கறவளுக்குக் கேக்கட்டும்" என்றார்.

அக்கா சத்தமாகச் சொன்னாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"சரி, பதினெட்டே குடு. அலமாரில வெக்கிறவனுக்கு நான் விக்கல."

மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தார். "அசலுன்னா இத்தினி வருசம் ஏன்யா சொல்லல?" என்று அவரையே திட்டினார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நுனி சரியான திருப்புளியை நீங்களே கொண்டு போங்கள். கழுத்தைக் கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள். கண்ட்ரோல் எண்ணின் வருடம் கழுத்தின் வருடத்துக்குப் பிந்தியிருந்தால் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். விலை பேசும் தந்திரம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை; அன்றைக்கு நான் மட்டும் போயிருந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். திரும்பும்போது மதியம் 1.40 வண்டியில் கூட்டமில்லை, கிட்டாருக்கும் ஒரு இருக்கை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் வரவேற்பு. குழுத் தலைவர் கிட்டாரைப் பார்த்து, "இன்னாம்மா இது, தண்ணி மோட்டார் கலர்ல?" என்றார். அக்கா பதில் சொல்லாமல் வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து போய், அவளுடைய ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்தார்.