ரிவால்வருக்கு வைத்த சந்தனப் பொட்டு

நான் பத்தாவது வரை படித்தவன். என் மனைவி நர்ஸ். அவளுக்கு டெக்சாஸில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததால் நானும் அமெரிக்காவைப் பார்த்தேன். பேர்லேண்டில் வீடு. அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அங்கே கேஸ் ஸ்டேஷன் என்கிற பெட்ரோல் பங்க்கும் அதோடு ஒட்டிய கடையும் வைத்திருந்தார். காலை ஏழு மணி முதல் மாலை நான்கு மணி வரை கல்லாவில் நான் நிற்பேன். முருகன் புண்ணியத்தில் குறை ஒன்றும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு கடையில் பட்டப்பகலில் எவனோ புகுந்து மிரட்டிவிட்டுப் போனான். யாருக்கும் அடி இல்லை. ஆனால் மச்சான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

"மாப்ள, நாளைக்கே போறோம், ஒரு ரிவால்வர் வாங்குறோம். வெறுங்கையோட நீ கல்லாவுல நிக்கிறத பாத்தா எனக்கே திருடலாம்னு தோணுது."

என் மனைவி இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, வீட்ல அஞ்சு வயசுப் புள்ள இருக்கு. வாங்குறதுன்னா பூட்டு உள்ளயே இருக்குற மாடலா வாங்குங்க. இல்லன்னா மச்சானும் மாப்ளயும் கடையிலயே குடித்தனம் பண்ணிக்குங்க."

புது மாடல்களில் அப்படி ஒரு பூட்டு வருகிறது. பக்கவாட்டில் கடுகு போல ஒரு துவாரம் இருக்கும். குட்டிச் சாவியை அதில் விட்டுத் திருப்பினால் விசை அசையாது. அப்படி ஒன்றை வாங்கினோம், கூடவே இரண்டு சாவிகள் தந்தார்கள். இரண்டையும் என் மனைவி வாங்கித் தன் தாலிச் சங்கிலியில் ஊக்குகளோடு கோத்துக்கொண்டாள். காலையில் அவள் டியூட்டிக்குக் கிளம்பும்முன் நான் ரிவால்வரோடு அவள் முன்னால் போய் நிற்பேன். அவள் சங்கிலியோடு குனிந்து திறந்துவிடுவாள். மாலையில் நான் வந்ததும் பூட்டுவாள். தோட்டாக்கள் வேறொரு பெட்டியில் இருக்கும். எங்கள் வீட்டு ராணுவத்துக்கு அவள்தான் தளபதி.

கடையிலோ வேறு பேச்சு. தினமும் காப்பிக்கு வரும் ஒரு தொப்பிக்காரப் பெரியவர் அந்தத் துவாரத்தைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய பழைய ரிவால்வரில் இந்த ஓட்டையே கிடையாதாம். சுடும்போது வரும் அதிர்ச்சியில் உள்ளே இருக்கும் பூட்டு தானே விழுந்து, அவசரத்தில் சுட முடியாமல் போய்விடும் என்று பலர் பேசிக்கொள்கிறார்களாம். மச்சானும் அதைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரண்டு பக்கமும் இடி. கடையில் இருக்கும்போது பூட்டு தானே விழுந்துவிடுமோ என்று பயம். வீட்டுக்கு வந்தால் பூட்டு தானே திறந்துகொள்ளுமோ என்று பயம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. பலகையில் வெள்ளைத் துணி விரித்து, மனைவியின் ஸ்டெதஸ்கோப், என் கார் சாவி, கடையில் விலை ஒட்டும் மெஷின், மகளின் கலர் பென்சில் எல்லாவற்றையும் வைத்தேன். தோட்டா இல்லாமல், பூட்டிய ரிவால்வரையும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரிவால்வருக்கு எங்கே வைப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல இடமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சந்தனத்தைக் குழைத்து அழுத்தமாக வைத்தேன்.

"அப்பா, ஒய் டஸ் த கன் ஹாவ் பொட்டு?" என்று கேட்டாள் மகள்.

"அதுவும் நமக்கு வேலை செய்யுதில்லம்மா."

"இட் லுக்ஸ் ப்ரிட்டி" என்றாள்.

சுண்டலுக்கு வந்த மச்சான், "பொண்ணு பாக்க வரச் சொல்லலாம் போல இருக்கு மாப்ள" என்றார்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி. காலையில் கற்பூரம் காட்டிவிட்டு ரிவால்வரை எடுத்துக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றேன். அவள் குனிந்தாள். சாவி இறங்கவில்லை. இன்னொரு சாவி. அதுவும் இறங்கவில்லை.

"ஏங்க, பொட்ட எங்க வச்சீங்க?"

"நெத்தி மாதிரி இருந்துச்சு... அங்கதான் வச்சேன்."

சந்தனம் துவாரத்துக்குள் போய் இரவெல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டது. ஊக்கால் நோண்டினாள், கொஞ்சம் குங்குமம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. நான்தானே தனியாகக் கல்லாவில் நிற்க வேண்டும்.

துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் அடுத்த வார சனிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அதுவரை வெறுங்கைதான். முதல் நாள் கதவு மணி ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கல்லாவை இழுத்து மூடினேன். முருகா முருகா என்று உதடு ஓயவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒன்று புரிந்தது. இத்தனை மாதமாக நான் வருகிறவர்களின் கையையும் பாக்கெட்டையும் மட்டுமே பார்த்திருக்கிறேன். தினம் பால் வாங்கும் பெண்மணிக்கு இது எட்டாவது மாதம் என்பதையே அன்றுதான் கவனித்தேன். வாழ்த்துச் சொன்னேன். அவர் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். "நீ சிரிக்கக்கூடச் செய்வாயா?" என்று தொப்பிக்காரப் பெரியவர் கேட்டார்.

சனிக்கிழமை நான், மனைவி, மகள், மச்சான் நால்வரும் போனோம். பழுது பார்ப்பவர் வெள்ளைத் தாடி வைத்த வயசாளி. துவாரத்தில் ஒட்டியிருந்த குங்குமச் சிவப்பைப் பார்த்து முகம் மாறி, இது என்ன என்றார்.

"திஸ் இஸ் ப்ளெஸ்ஸிங், சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துப்பாக்கிகளுக்குள்ளிருந்து மணலை எடுத்திருக்கிறாராம், தேனை எடுத்திருக்கிறாராம், ஒரு தடவை பல்லி முட்டையைக்கூட எடுத்திருக்கிறாராம். ஆசீர்வாதத்தைத் துடைத்து எடுப்பது இதுதான் முதல் தடவையாம். எண்ணெய் விட்டு, மெல்லிய தூரிகையால் சுரண்டினார். எண்ணெய் நாற்றத்தை மீறிச் சந்தனம் மணத்தது. பிறகு சாவி கேட்டார். என் மனைவி சங்கிலியைக் கழற்றாமல் மேஜை மேல் குனிந்து சாவியை விட்டாள். அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு திறந்துகொண்டது.

நிறையப் பேர் இந்தப் பூட்டே வேண்டாம் என்கிறார்கள், எடுத்துவிடவா என்று கேட்டார்.

"எடுக்கச் சொல்லு மாப்ள, தொல்ல விட்டுச்சு" என்றார் மச்சான்.

மனைவி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

தானே விழுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டேன். தன்னுடைய மேஜைக்கு அப்படி ஒன்று வந்ததில்லை, அதனால் வராது என்றும் சொல்லமாட்டேன் என்றார். வீட்டில் குழந்தை இருக்கிறவர் பயமும் நியாயம், கடையில் நிற்கிறவர் பயமும் நியாயம், எது பெரிது என்று நீதான் சொல்ல வேண்டும் என்றார்.

எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "பூட்டு இருக்கட்டும் சார். துப்பாக்கிதான் எனக்கு வேண்டாம். யூ கீப் இட்" என்றேன்.

"மாப்ள! பைத்தியமா ஒனக்கு?"

"அண்ணே, நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி. அந்த இடத்திலேயே சாவிகளைக் கழற்றினாள். அவசரத்தில் ஒரு ஊக்கும் சேர்ந்து போய்விட்டது. அவர் அதை மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

காரில் மச்சான் உர்ரென்று வந்தார். ஃப்ரீவேயில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"நாளைக்கு எவனாவது கடைக்குள்ள பூந்தா என்ன பண்ணுவ? பொட்டு வச்சு விடுவியா?"

"வச்சு விடலாம் மச்சான். வீட்ல சந்தனம் நெறைய மிச்சம் இருக்கு."

பின் சீட்டில் தாயும் மகளும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த மச்சானின் தோளும் குலுங்கியது.

அந்தக் கல்லாவில் மேலும் மூன்று வருஷம் நின்றேன். பயமே வரவில்லை என்று சொன்னால் சாமி என்னைக் கேட்கும். வந்தது. வரும்போது முருகா என்பேன், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பேன், குட் மார்னிங் சொல்வேன். பெரும்பாலும் அவர்களும் திருப்பிச் சொன்னார்கள்.